துறைமுகம் ஒன்று, சட்டம் மூன்று

வேலைக்காக எல்லை கடப்போர் திருகோணமலை மாவட்டத்துக்கு வருகிறார்கள்; அங்கிருந்து போகவும் செய்கிறார்கள். இரு திசையினருக்கும் வழங்கப்படும் தற்காலிக வேலை அனுமதி யாரை நம்பி நிற்கிறது, தொழில்தருநர் கைவிட்டால் தொழிலாளியின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை ஆராயும் சிறப்புக் கட்டுரை.

திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் வேலையின் பொருட்டு எல்லை கடக்கும் மனிதரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கோதுமையும் சீமெந்துக்கான மூலப்பொருள்களும் எரிபொருளும் ஏற்றிவரும் கப்பல்களின் மாலுமிகள் முதல் வகையினர். வெளிநாட்டு மூலதனமோ வெளிநாட்டுத் தொழில்நுட்பமோ கலந்த ஆலைகளிலும் மின் திட்டங்களிலும் எண்ணெய்த் தாங்கிகளிலும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தங்கிப் பணிபுரிய வரும் பொறியியலாளர், மேற்பார்வையாளர், தொழில்நுட்பவியலாளர் ஆகியோர் இரண்டாம் வகையினர். மூதூர், கிண்ணியா, தோப்பூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்கும் சாரதி வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் செல்வோர் மூன்றாம் வகையினர். மூவருமே தாம் குடியுரிமை பெறாத ஓரிடத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு உழைக்க அனுமதி பெற்றவர்கள் என்றாலும், மூவரையும் ஆளும் சட்டங்கள் வெவ்வேறானவை. அவை தொழில்தருநர் மீது ஏற்றும் சுமையும் வெவ்வேறானது.

தற்காலிக வேலை வீசாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் படிவம், கட்டணம், காலக்கெடு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த வேலை வீசாவையும் மதிப்பிட வேண்டிய இடம் வேறொன்று. வேலை தொடங்கும் நாளில் எல்லாத் தாள்களும் ஒழுங்காகவே தோன்றும்; சம்பளம் நிற்கும்போது, நிறுவனம் மூடப்படும்போது, முதலாளியும் தொழிலாளியும் முரண்படும்போதுதான் அந்தத் தாள்களின் உண்மையான பலம் வெளிப்படும். அந்த நாளில் தொழிலாளியின் தங்கும் உரிமை, திரும்பும் செலவு, நிலுவைச் சம்பளம், கடவுச்சீட்டு ஆகிய நான்கும் யார் கையில் இருக்கின்றன என்பதே இக்கட்டுரை பின்தொடரும் கேள்வி.

துண்டு முதல் வீசா வரை

இலங்கையில் தொழிலாளியின் நடமாட்டத்தைத் தொழில்தருநரின் எழுத்தோடு பிணைக்கும் வழக்கம் வீசாவுக்கு முந்தியது. கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி முறையில், பயணச் செலவும் முற்பணமும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பியவர், தமது கடன் தொகையைக் குறிப்பிட்டு, அதைத் தீர்த்தால் விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டோடு வர வேண்டியிருந்தது. 'துண்டு' எனப்பட்ட அந்தச் சீட்டு இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்றுக்கொள்ளாது. கடனை அடைத்து ஆளைப் பெற்றுக்கொள்ளும் புதிய தோட்டத்தின் கணக்கில் அதே கடன் மறுபடியும் ஏறியதால், முதலாளி மாறினாரே தவிர தொழிலாளி விடுபடவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அக்காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வேலைக்கு வருவோரைத் தடுக்கும் வீசா இருக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் அந்த நிலையை மாற்றியது. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் 1949 நவம்பர் 1ஆம் திகதி தோற்றம் பெற்றது. அதன்பின் இலங்கைப் பிரஜை அல்லாத எவரும் அனுமதியின்றி நுழையவோ, அனுமதிக் காலம் முடிந்தபின் தங்கவோ, அனுமதியில் சொல்லப்படாத வேலையைச் செய்யவோ முடியாது என்பது பொதுவிதியானது. இந்தியாவிலிருந்து வந்து கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிந்தோர் தற்காலிக வதிவிட அனுமதி பெற்று, அது முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டியவர்களானார்கள். வேலைகளை இலங்கையர்மயமாக்கும் கொள்கை 1950களில் வலுத்தபோது அந்தப் புதுப்பித்தலும் கடினமானது.

இதே காலத்தில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழரின் வரலாறு தனியே விரிவானது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என ஒத்திவைத்தது. வேலைக்காக அழைத்து வரப்பட்டவர்களைத் தற்காலிகமானவர்கள் என்று ஓர் அரசு கருதத் தொடங்கினால், அந்தக் கருத்து எத்தனை தலைமுறைகளைச் சுமையேற்றும் என்பதற்கு அந்த எண்களே சாட்சி. இந்திய வம்சாவளியினர் தொடர்பாக 1954இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின் கீழ் இந்தியப் பிரஜைகளாகப் பதிவானோருக்கான தனிப்பிரிவு ஒன்று இலங்கையின் வதிவிட வீசா வகைகளில் இடம்பெற்றிருப்பது அந்த வரலாற்றின் மிச்சம்.

விண்ணப்பம் தொழில்தருநருடையது

இலங்கையில் 'வேலை அனுமதிப் பத்திரம்' என்று தனியான ஆவணம் எதுவும் இல்லை. வெளிநாட்டவர் ஒருவர் சட்டப்படி பணிபுரிய வழிவிடுவது வதிவிட வீசாவின் தொழில் பிரிவாகும். வதிவிட வீசா என்பது, பிரஜை அல்லாத ஒருவர் குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் குறிப்பிட்ட காலம் நாட்டில் தங்குவதற்கு வழங்கப்படும் அனுமதி. அதற்கு மாறாக வருகை வீசா, சுற்றுலா, உறவினரைச் சந்தித்தல், குறுகிய வணிகப் பேச்சுவார்த்தை போன்றவற்றுக்கு உரியது. அரசு அங்கீகரித்த திட்டங்களின் பணியாளர், இலங்கை முதலீட்டுச் சபையின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பணியாளர், வங்கித்துறை நிபுணர், தொண்டர்கள் எனத் தொழில் சார்ந்த வீசா பல கிளைகளாகப் பிரிகிறது.

இந்த நடைமுறையின் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர், அவரை அழைக்கும் நிறுவனமே. நிறுவனம் தனது துறைக்குப் பொறுப்பான அமைச்சிடமிருந்தோ, முதலீட்டுச் சபையின் கீழ் இயங்குவதாயின் அச்சபையிடமிருந்தோ விதப்புரை பெற வேண்டும். விதப்புரை என்பது, இன்ன பதவிக்கு இன்ன தகைமையுள்ள வெளிநாட்டவர் தேவைப்படுகிறார் என்பதை அரசின் துறைசார் அமைப்பு ஒன்று ஏற்று எழுதும் கடிதமாகும். அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காதா என்ற கேள்வி எழ வேண்டிய இடமும் அதுவே. கல்வி, தொழிற்றகைமைச் சான்றுகள், கடவுச்சீட்டின் பிரதி, நிறுவனத்தின் பதிவு ஆவணங்கள், வேண்டுகோள் கடிதம் ஆகியவை விதப்புரையோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குச் செல்லும். திணைக்களம் ஒப்புதல் அளித்தபின், வெளிநாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம் நுழைவு வீசாவை வழங்கும். நாட்டுக்குள் வந்த பின்னர், நுழைவு வீசா காலாவதியாகுமுன் அதை வதிவிட வீசாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். பொதுவாக ஓராண்டுக்கு வழங்கப்படும் அந்த வீசா, விதப்புரை தொடரும் வரை புதுப்பிக்கப்படும். துணைவரும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் தங்கிவாழ்வோர் என்ற முறையில் உடன் தங்கலாம்.

வீசா கிடைப்பதோடு தொழில்தருநரின் கடமை முடிவதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி சம்பளத்தில் 8 சதவீதத்தைப் பணியாளரிடமிருந்து கழித்து, 12 சதவீதத்தை நிறுவனம் சேர்த்துச் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்படி மேலும் 3 சதவீதத்தை நிறுவனமே செலுத்த வேண்டும். வெளிநாட்டுப் பணியாளருக்கும் இவை பொருந்தும். வருமான வரியைச் சம்பளத்திலேயே கழித்து உண்ணாட்டரசிறைத் திணைக்களத்துக்குச் செலுத்தும் பொறுப்பும் நிறுவனத்துடையது. ஆண்டில் 183 நாள்களோ அதற்கு மேலோ தங்கியவர் வரிச் சட்டத்தின் பார்வையில் வதிவாளர் ஆகிவிடுவதால், திட்டம் நீளும்போது வரிக் கணக்கும் மாறும். வேலையின்போது காயம் நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழிகாட்டும்.

மருத்துவப் பரிசோதனையும் இந்த நிபந்தனைகளுள் ஒன்று. வதிவிட வீசாவுக்கு விண்ணப்பிப்போருக்கு மலேரியா, யானைக்கால் நோய், காசநோய், எச்.ஐ.வி. ஆகிய நான்கையும் பரிசோதிக்கும் திட்டம் 2019இல் தொடங்கியது. இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்த பின்னர், நோய் மீண்டும் நுழையக்கூடிய வாசல் வெளிநாட்டுப் பயணம் மட்டுமே என்றாகிவிட்டது. ஒரு காலத்தில் மலேரியாவால் பெரிதும் வாடிய உலர்வலயத்தைச் சேர்ந்த திருகோணமலைக்கு இந்த நிபந்தனை வெறும் சடங்கன்று.

மேலே சொன்ன வழி எத்தகைய முதலீடுகளுக்கு வேண்டியிருக்கிறது என்பதற்குத் துறைமுகத்தின் விளிம்பே உதாரணம். 1977ஆம் ஆண்டின் உடன்படிக்கையைத் தொடர்ந்து சிங்கப்பூரின் பிரிமா குழுமம் கட்டிய மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. 1982இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனம் ஜப்பானியப் பங்காளியோடு தனது ஆலையை இங்கேயே அமைத்தது. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் 14ஐ லங்கா ஐஓசி நிறுவனமும், 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும், எஞ்சிய 61ஐ இவ்விரண்டும் முறையே 49, 51 சதவீதப் பங்கு கொண்ட கூட்டு நிறுவனமும் பயன்படுத்துவது என 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. சம்பூரில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனமும் இணைந்து அமைக்கும் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தின் பணிகள் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கி வைக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களில் இயந்திரம் பொருத்தவும் பழக்கிக் கொடுக்கவும் வெளிநாட்டு நிபுணர் வருவது இயல்பு. ஆனால் அவர்களின் வதிவிட வீசா தீர்மானிக்கப்படும் இடம் பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத் தலைமையகம் என்பதால், மாவட்டத்துக்கும் அந்தக் கோப்புக்கும் இடையே நாட்டின் குறுக்களவு தூரம் இருக்கிறது.

பெரிய நிறுவனத்தின் பொறியியலாளருக்கு இது பெரும் சிக்கல் அன்று. நிறுவனத்தின் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும். ஆனால் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் அழைத்து வந்த ஒட்டுநருக்கோ சாரக்கட்டுத் தொழிலாளிக்கோ நிலைமை வேறு. வீசா இன்ன நிறுவனம், இன்ன பதவி என்பதை வைத்தே வழங்கப்படுவதால், ஒப்பந்தக்காரர் விலகினால் வீசாவின் அடிப்படையே விலகுகிறது. வேறு நிறுவனத்தில் சேர, அந்த நிறுவனத்தின் பெயரில் புதிய விதப்புரையும் புதிய ஒப்புதலும் வேண்டும். நிலுவைச் சம்பளத்துக்காகத் தொழில் திணைக்களத்தில் முறையிட்டவர், விசாரணை முடியும் வரை நாட்டில் தங்குவதற்கான அனுமதியைப் பழைய முதலாளியின் கடிதத்தைக் கொண்டே பெற வேண்டிய நிலை ஏற்படலாம்.

சுற்றுலா வீசாவில் செய்யும் வேலை

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகள் மற்றொரு சிக்கலைக் காட்டுகின்றன. இலத்திரனியல் பயண அனுமதி மூலம் எளிதாகக் கிடைக்கும் வருகை வீசாவில் வருபவர், சம்பளத்தோடோ சம்பளமின்றியோ எந்த வேலையிலும் ஈடுபடக் கூடாது. 'சம்பளமின்றியும்' என்ற சொல்லை வாசிப்போர் குறைவு. தங்குமிடமும் உணவும் பெற்றுக்கொண்டு விடுதி வரவேற்பறையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரும், பருவகாலத்தில் சுழியோடப் பயிற்றுவிக்கும் பயிற்றுநரும் பணம் கைமாறவில்லை என்று வாதிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலையே.

இப்படிப் பணிபுரியும் வெளிநாட்டவர் தவறு செய்கிறார் என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவது எளிது. அவரை அமர்த்திய விடுதி உரிமையாளர், விதப்புரைக்கும் வரிக்கும் சேமலாப நிதிக்கும் ஆகும் செலவை மிச்சப்படுத்துகிறார். பிடிபட்டால் நாடு கடத்தப்படுபவர் பணியாளரே. உள்ளூர் இளைஞருக்கு அந்த வேலை கிடைக்காமல் போவதற்கும் காரணம் இந்த மிச்சம்தான். நிபந்தனையின் சுமை முழுவதையும் வீசாக்காரர் மீது ஏற்றி, அமர்த்துபவரைத் தொடாத கண்காணிப்பு, மலிவான வேலையாள் கிடைக்கும் வழியை அடைப்பதில்லை.

மூதூரிலிருந்து போகும் வழி

துறைமுகத்தின் தென்கரையிலிருந்து பார்த்தால், இதே வீசா மறுபக்கத்தைக் காட்டுகிறது. இங்கே இலங்கையர் வெளிநாட்டவர். நிபந்தனை விதிப்பது வேறொரு அரசு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வேலைக்குச் செல்வோர் புறப்படுமுன் தன்னிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முகவர் நிலையங்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழில்தருநர் இன்ன வேலைக்கு இத்தனை பேர் தேவை எனக் கோரும் ஆவணத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்த வேண்டும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றைக் கூறும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். தாள் அளவில், இலங்கை தனது பிரஜைக்காகப் பிற நாட்டுத் தொழில்தருநரிடம் கோருவது, தனது மண்ணில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்காக உள்ளூர்த் தொழில்தருநரிடம் கோருவதைவிட விரிவானது.

ஆனால் அந்தத் தாள் வளைகுடாவில் இறங்கியதும் கஃபாலா முறையைச் சந்திக்கிறது. கஃபாலா என்பது, வெளிநாட்டுத் தொழிலாளியின் நுழைவுக்கும் தங்குதலுக்கும் உள்நாட்டவர் ஒருவர் பொறுப்பேற்கும் ஏற்பாடு. பொறுப்பேற்பவர் கஃபீல் எனப்படுவார். வேலையை விட்டு வெளியேறிய பணிப்பெண்ணை 'ஓடிப்போனவர்' என்று கஃபீல் முறையிட்டால், அதுவரை முறைப்படி இருந்தவர் ஒரே நாளில் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். சவூதி அரேபியாவில் வேலை பார்த்துத் திரும்பியோர் வாயில் 'ஹுரூப்' என்று புழங்கும் அந்த முறைப்பாடு, சம்பளம் கேட்டவருக்கு எதிரான ஆயுதமாகவும் பயன்படுகிறது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வழக்கை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டபோது அவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்று பிறப்புச் சான்றிதழ் காட்டியது; கடவுச்சீட்டிலோ அவரது பிறந்த ஆண்டு ஆறு ஆண்டுகள் முன்தள்ளப்பட்டிருந்தது. சென்ற சில வாரங்களிலேயே தமது பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவருக்கு, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குறைந்தபட்ச வயது என்ற நிபந்தனை சட்டத்தில் இருந்தது; அதை மீறுவதற்கு வேண்டிய தாள்களை உருவாக்கிய ஆட்சேர்ப்புச் சங்கிலி அந்த நிபந்தனையைவிட வலிமையாக இருந்தது.

அதே 2013இல் இலங்கை அரசு அறிமுகப்படுத்திய குடும்பப் பின்னணி அறிக்கை, வேலைக்குச் செல்லவிருக்கும் பெண்ணின் பிள்ளைகளின் வயது, அவர்களைப் பராமரிக்கப் போவது யார் என்பனவற்றைப் பிரதேச செயலக மட்டத்தில் விசாரித்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய் வீட்டுப் பணிக்குப் போக முடியாமல் போனது அதன் அன்றைய விளைவு. ஆட்சேர்ப்பில் நடந்த முறைகேட்டுக்கான பதில், முகவரையும் தொழில்தருநரையும் விட்டுவிட்டுப் பெண்ணின் குடும்பத்தின் மீது விழுந்தது. வாசல் இறுகியதும் சிலர் வருகை வீசாவில் புறப்பட்டார்கள். அப்படி ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே வீடுகளுக்கு விற்கப்பட்ட செய்தி 2022 நவம்பரில் நாட்டை உலுக்கியது. நிலாவெளியில் சிறு மீறலாகத் தோன்றும் வருகை வீசா வேலை, மஸ்கட்டில் மனித வியாபாரமாக மாறுகிறது. இரண்டு இடத்திலும் தொழில்தருநரின் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதே ஒற்றுமை.

வீட்டுப் பணிக்கான ஆட்சேர்ப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. பணிப்பெண்ணைப் பெற வளைகுடாத் தொழில்தருநர் முகவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, புறப்படுமுன் அவரது குடும்பத்துக்கு முற்பணமாக வந்து சேரும். வீட்டுக் கூரைக்கும் அடகு மீட்கவும் அது உதவுகிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் திரும்ப நினைத்தால், ஆட்சேர்ப்புக்குச் செலவான தொகையைத் திருப்பித் தரும்படி முகவரும் தொழில்தருநரும் நெருக்குகிறார்கள். நூறாண்டுகளுக்கு முன் தோட்டத்தில் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் கணக்கு இதுவே: முற்பணம் கடனாகிறது, கடன் கட்டாகிறது. வெளிநாட்டிலுள்ள தொழிலாளர் 2024இல் நாட்டுக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 657 கோடி அமெரிக்க டொலர். அதை ஈட்டியோரில் மிகக் குறைந்த பாதுகாப்பு பெற்றவர்கள் வீட்டுப் பணியாளர்கள்.

கப்பலில் ஒட்டப்பட்ட சான்றிதழ்

மூன்று வகையினருள் மாலுமியின் நிலை வியப்பூட்டும் அளவுக்கு வேறுபட்டது. கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2006, சர்வதேசத் தொழில் அமைப்பு உருவாக்கிய உடன்படிக்கை. இலங்கை அதை 2017 ஜனவரியில் ஏற்றுறுதி செய்தது. வேலை பெறுவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது விதிக்கிறது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மட்டும் மாலுமி ஏற்கலாம். வீசாவின் செலவு கப்பல் உரிமையாளருடையது என்று தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது.

மாலுமி கைவிடப்படும் நிலைக்கும் அச்சமவாயம் முன்கூட்டியே விடை வைத்திருக்கிறது. உரிமையாளர் மாலுமியை ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்காதபோதோ, உணவும் பராமரிப்பும் இன்றி விட்டபோதோ, குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காதபோதோ அந்த மாலுமி கைவிடப்பட்டவராகக் கருதப்படுவார். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இத்தகைய நிலைக்கான நிதி உத்தரவாதத்தை ஒவ்வொரு கப்பலும் வைத்திருக்க வேண்டும். நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளமும், ஊர் போய்ச் சேரும் வரை உணவு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றின் செலவும் அதிலிருந்து கிடைக்கும். உத்தரவாதம் வழங்கிய நிறுவனத்தின் பெயரும் தொடர்பு விவரமும் அடங்கிய சான்றிதழ், மாலுமிகள் பார்க்கும்படி கப்பலில் வெளிப்படையாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உரிமையாளர் தொலைபேசியை எடுக்காவிட்டாலும், யாரை அழைக்க வேண்டும் என்பது சமையற்கட்டில் வேலை செய்யும் கடைநிலை மாலுமிக்கும் தெரியும். குறைபாடு கடுமையானதாக இருந்தால், துறைமுகம் அமைந்த நாட்டின் பரிசோதகர் கப்பலையே தடுத்து நிறுத்தலாம்.

இதன் பொருள் மாலுமிகள் கைவிடப்படுவதே இல்லை என்பதன்று. உலகத் துறைமுகங்களில் அது தொடர்ந்து நிகழ்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படை தெளிவானது: தொழில்தருநர் நல்லவராக இருப்பார் என்று சட்டம் நம்பவில்லை, அவர் தவறினாலும் கடமை நிறைவேற வேண்டிய பணத்தை முன்கூட்டியே வேறிடத்தில் கட்டி வைக்கச் சொல்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடா இறங்குதுறையில் கட்டிய கப்பலில் நிற்கும் வெளிநாட்டு மாலுமிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, கரையில் சாரக்கட்டில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை.

பிற நாடுகள் கொடுக்கும் இடைவெளி

தொழிலாளியின் தங்கும் உரிமையைத் தொழில்தருநரின் கடிதத்திலிருந்து ஓரளவாவது பிரிக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. கத்தார் 2020இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், பழைய முதலாளியின் ஆட்சேபமின்மைக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம். இரண்டாண்டுக்கு உட்பட்ட பணிக்கு ஒரு மாத முன்னறிவித்தலும், அதற்கு மேற்பட்ட பணிக்கு இரண்டு மாத முன்னறிவித்தலும் போதும். சவூதி அரேபியா 2021 மார்ச்சில் இத்தகைய தளர்வை நடைமுறைப்படுத்தியபோது வீட்டுப் பணியாளரை அதில் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் எச்-1பி வீசாவில் உள்ள தமிழ் மென்பொருளாளர் வேலை இழந்தால் 60 நாள் வரை தங்கி வேறு வேலை தேடலாம் என்ற விதி 2017 முதல் உள்ளது. ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் அவரைப் பணிநீக்கம் செய்யும் நிறுவனம், சொந்த நாட்டுக்குத் திரும்பும் நியாயமான பயணச் செலவை ஏற்க வேண்டும்.

இலங்கை இளைஞர் விரும்பிச் செல்லும் தென்கொரிய வேலை அனுமதி முறை இன்னும் ஒரு படி விரிவானது. அங்கே ஆட்சேர்ப்பு அரசுக்கும் அரசுக்கும் இடையில் நடைபெறுவதால் தனியார் முகவருக்கு இடமில்லை. கொரியத் தொழில்தருநர் முதலில் உள்ளூரில் ஆள் தேடியதைக் காட்ட வேண்டும். சம்பள நிலுவைக்கான காப்புறுதியும் வெளியேறும்போது கிடைக்க வேண்டிய தொகைக்கான காப்புறுதியும் அவர் பெயரில் எடுக்கப்பட வேண்டும். முதல் மூன்றாண்டில் மூன்று முறை வரை, அதுவும் சட்டம் ஏற்கும் காரணங்களுக்காக மட்டுமே வேலையிடம் மாறலாம் என்பது அம்முறையின் குறை; ஆனால் சம்பளத்துக்கு முதலாளியின் வாக்குறுதியைத் தவிர வேறு பிடிமானமும் உண்டு என்பது அதன் பலம்.

இலங்கையின் பொறுப்பு மேலும் கூடியது. குடிபெயர்ந்த தொழிலாளர் அனைவரதும் அவர்களது குடும்பத்தினரதும் உரிமைகளைப் பாதுகாக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1996 மார்ச்சில் ஏற்றது. அதிகாரம் பெற்ற அரசு அலுவலர் தவிர வேறு எவரும் தொழிலாளியின் அடையாள ஆவணங்களைப் பறிமுதல் செய்யக் கூடாது என அதன் 21ஆம் உறுப்புரை கூறுகிறது. வேலை முடிவுற்றது என்ற ஒரே காரணத்துக்காகத் தொழிலாளியைச் சட்டவிரோதமானவராகக் கருதக் கூடாது என 51ஆம் உறுப்புரை கூறுகிறது. எனினும் குறிப்பிட்ட வேலையையே நம்பித் தங்கும் அனுமதி வெளிப்படையாக வழங்கப்பட்டிருந்தால் அது விதிவிலக்கு என்றும் சேர்க்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சார்ந்தே வீசா வழங்கும் நாடு, அந்த விதிவிலக்குக்குள் நின்றுகொண்டு விதியிலிருந்து தப்பிக்கொள்ளலாம். சட்ட நுட்பத்தில் அது பிழையன்று. ஆனால் வளைகுடா அரசுகளும் அதே விதிவிலக்கின் மொழியில்தான் இலங்கைப் பணிப்பெண்ணுக்குப் பதில் சொல்கின்றன.

செய்யக்கூடியவை

சீர்திருத்தத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நிலுவைச் சம்பளத்துக்கும் திரும்பும் பயணத்துக்குமான உத்தரவாதத்தை விதப்புரையின் நிபந்தனையாக்குவது முதற்படி. கப்பல் உரிமையாளரிடம் கோரப்படுவதைத் துணை ஒப்பந்தக்காரரிடம் கோர முடியாதென்பதற்குக் காரணம் இல்லை. வேலை முறிந்த வெளிநாட்டவருக்கு, சம்பள முறைப்பாடு விசாரிக்கப்படும் வரையோ குறிப்பிட்ட சில வாரங்கள் வரையோ, பழைய முதலாளியின் கடிதம் இல்லாமலே தங்க இடமளிப்பது இரண்டாவது. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பிரதியை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் வைப்பது மூன்றாவது; அதனால் பத்தரமுல்லையின் கோப்புக்கும் சம்பூரின் வேலைத்தளத்துக்கும் இடையிலான தூரம் குறையும். வருகை வீசாவில் ஆள் அமர்த்தும் விடுதியின் உரிமத்தைத் தொடும் தண்டனை நான்காவது.

இவற்றால் முதலீட்டாளர் விலகிவிடுவார் என்ற அச்சம் சொல்லப்படுவதுண்டு. பெரும் நிறுவனங்கள் ஏற்கெனவே இந்தச் செலவுகளை ஏற்கின்றன. உத்தரவாதம் கட்ட முடியாத இடைத்தரகருக்குத்தான் அது தடையாகும், அப்படித் தடையாவதே நோக்கமும். சம்பளம் மறுக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளி மலிவாகக் கிடைக்கும் வரை, அதே வேலைக்கு நியாயமான கூலி கேட்கும் கந்தளாய் இளைஞருக்கு வேலை கிடைக்காது. வெளிநாட்டவரின் உரிமையும் உள்ளூரவரின் வேலைவாய்ப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

றியாத்திலும் குவைத்திலும் மஸ்கட்டிலும் இலங்கைத் தூதரகம், தொழில்தருநரின் தயவில் தொழிலாளியின் சட்ட நிலை தொங்கக் கூடாது என்று வாதாடுகிறது. அந்த வாதம் நியாயமானது. சொந்த நாட்டு வதிவிட வீசாவில் அதே விதியை எழுதிவிட்டுச் செல்லும் தூதுவரின் பேச்சுக்கு, எழுதாமல் செல்பவரின் பேச்சைவிடக் கனம் கூடும். மூதூருக்குப் பாதுகாப்புத் தேடும் அரசு, அதைச் சீனக்குடாவிலிருந்து தொடங்கலாம்.